கலோரிக் சோதனையில் பலவீனம், தலை உந்தல் சோதனையில் இயல்பு: மெனியர் நோயாளியின் சமநிலை அறிக்கையை எப்படி வாசிப்பது?

கேள்வியின் சாரம் இது. தாயாருக்கு வயது 56. வலது காதில் மெனியர் நோய் (உள்காதின் நீர்மம் மிகுந்து, தலைசுற்றலும் ஏறி இறங்கும் செவிக்குறையும் வரும் நோய்) இருப்பதாகச் சில ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவர் சொல்லிவிட்டார். மாத்திரைகளுக்கும் உப்புக் கட்டுப்பாட்டுக்கும் தலைசுற்றல் அடங்காததால் காதுக்குள் ஜென்டமைசின் ஊசி போடுவது பற்றிப் பேச்சு எழுந்திருக்கிறது. அதற்கு முன் எடுத்த சோதனைகளில் கலோரிக் சோதனை வலது காதில் 38 சதவீதப் பலவீனம் என்கிறது. வீடியோ தலை உந்தல் சோதனையோ இரண்டு காதுகளும் இயல்பு என்கிறது. இரண்டில் எது தவறு, எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே சரியாக இருக்கலாம். இந்த முரண்பாடு மெனியர் நோயில் அடிக்கடி காணப்படுவது. வேறு உள்காது நோய்கள் பலவற்றில் இது இவ்வளவு தெளிவாகத் தோன்றுவதில்லை. ஆகவே உங்கள் தாயாரின் அறிக்கை குழப்பமான அறிக்கை அல்ல என்றே நினைக்கிறேன். ஏன் என்பதை விளக்க, ஒவ்வொரு சோதனையும் உள்காதின் எந்தப் பகுதியை, எந்த வேகத்தில் அளக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

உள்காதில் கேட்பதற்கான நத்தைச்சுருளும், தலையின் சுழற்சியை உணரும் மூன்று அரைவட்டக் குழாய்களும், நேர்கோட்டு அசைவையும் புவியீர்ப்பின் திசையையும் உணரும் யூட்ரிக்கிள், சாக்யூல் என்ற இரண்டு சிறு பைகளும் உள்ளன. இவை அனைத்துக்குள்ளும் எண்டோலிம்ஃப் என்னும் ஒரே நீர்மம்தான் நிரம்பியிருக்கிறது. 1861இல் பாரிஸில் காதுகேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராக இருந்த புரோஸ்பர் மெனியர், அதுவரை மூளையில் இரத்தம் தேங்குவதால் வருவதாகக் கருதப்பட்ட தலைசுற்றல்களில் ஒரு வகை உண்மையில் உள்காதிலிருந்து கிளம்புகிறது என்று எடுத்துக்காட்டினார். அந்த நீர்மம் மிகுந்து அதன் சவ்வுப் பைகள் வீங்கிப்போவதை 1938இல் லண்டனில் ஹால்பைக்கும் கெய்ன்ஸும், அதே ஆண்டில் ஜப்பானில் யமகாவாவும், இறந்தோரின் காது எலும்புகளை ஆராய்ந்து கண்டனர். வீக்கம் பெரும்பாலும் நத்தைச்சுருளிலும், அதற்கு அடுத்தபடியாக சாக்யூலிலும் மிகுதி. யூட்ரிக்கிளிலும் அரைவட்டக் குழாய்களிலும் அதைவிடக் குறைவு. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் முடிவுகள் பலவும் விளங்கும்.

முதலில் கலோரிக் சோதனை. வியன்னாவில் காது மருத்துவராக இருந்த ராபர்ட் பாரானி, நோயாளிகளின் காதைக் கழுவும்போது குளிர்ந்த நீர் தலைசுற்றலையும் விழித்துடிப்பையும் உண்டாக்குவதையும், நீர் சூடாக இருந்தால் துடிப்பின் திசை மாறிவிடுவதையும் கவனித்து இந்தச் சோதனையை உருவாக்கினார். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு தமக்குக் கிடைத்த செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். இன்று பின்பற்றப்படும் முறையை 1942இல் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஹால்பைக்கும் வகுத்தனர்: உடல் வெப்பத்தைவிட 7 பாகை குறைவான 30 பாகை செல்சியஸ் நீர், 7 பாகை கூடுதலான 44 பாகை நீர் என்று ஒவ்வொரு காதுக்கும் இருமுறை, ஆக மொத்தம் நான்கு முறை. நீருக்குப் பதிலாகக் காற்றைச் செலுத்தும் கருவியில் வழக்கமாக 24 பாகையும் 50 பாகையும் வைப்பார்கள். மல்லாந்து படுத்தவரின் தலையை 30 பாகை உயர்த்தினால் கிடைமட்ட அரைவட்டக் குழாய் செங்குத்தாக நிற்கும். அந்த நிலையில் குழாயின் ஒரு புறம் சூடேறவோ குளிரவோ செய்யும்போது உள்ளே நீர்மம் ஓடத் தொடங்கி, தலை சுழல்வதாக மூளையை நம்பவைக்கிறது. கண்கள் அதற்கு ஏற்ப ஒரு பக்கம் மெல்ல நகர்ந்து மறுபக்கம் வெட்டென்று திரும்பும். இதைத்தான் நிஸ்டாக்மஸ் என்கிறார்கள். வெப்பத்தால் நீர்மம் ஓடுவது மட்டுமே முழுக் காரணம் அன்று. 1983இல் ஸ்பேஸ்லேப் விண்வெளிப் பயணத்தில், எடையற்ற நிலையில் அத்தகைய ஓட்டம் ஏற்பட வழியில்லாதபோதும் இந்த விழித்துடிப்பு தோன்றியது. ஆனாலும் பூமியில் பெரும்பங்கு அந்த ஓட்டத்துக்குத்தான்.

அளக்கப்படுவது மெல்ல நகரும் கட்டத்தின் உச்ச வேகம், விநாடிக்கு எத்தனை பாகை என்ற கணக்கில். உங்கள் அறிக்கையில் வலது காதில் சூட்டுக்கு 12, குளிருக்கு 10. இடது காதில் சூட்டுக்கு 25, குளிருக்கு 24 என்று இருக்கிறது. வலது 22, இடது 49, மொத்தம் 71. வித்தியாசமான 27ஐ 71ஆல் வகுத்தால் 38 சதவீதம் வருகிறது. பெரும்பாலான ஆய்வகங்கள் சுமார் 25 சதவீதத்துக்கு மேற்பட்ட வேறுபாட்டையே பலவீனம் என்று எடுத்துக்கொள்கின்றன; அதனால் இது ஐயத்துக்கு இடமில்லாத பலவீனம். இந்த நான்கு எண்களில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. வலது காதில் சூடும் குளிரும் இரண்டுமே ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருக்கின்றன. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அந்த ஒருமுறை நீர் சரியாகப் போகவில்லை, அல்லது நோயாளி அரைத்தூக்கத்தில் இருந்தார் என்று சந்தேகிக்கலாம். இடது காது நன்றாக விடையளித்திருப்பதால் கருவியிலும் கோளாறு இருந்ததாகத் தோன்றவில்லை. வலப்பக்கம் துடித்த இரண்டு முறைகளின் (வலது சூடு 12, இடது குளிர் 24) கூட்டுத்தொகை 36, இடப்பக்கம் துடித்தவற்றின் (இடது சூடு 25, வலது குளிர் 10) கூட்டுத்தொகை 35 என்று சமமாக இருப்பதும் முக்கியம். சோதனை நாளில் தாக்குதலின் எச்சமான தன்னியல்பு விழித்துடிப்பு ஏதும் கலந்து கணக்கைக் கெடுக்கவில்லை என்று அது காட்டுகிறது. இறுதிச் சதவீதத்தை மட்டும் பார்க்காமல் இந்த நான்கு எண்களையும் கேட்டு வாங்கிப் பார்க்கும் பழக்கம் எல்லா நோயாளிகளுக்கும் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி வீடியோ தலை உந்தல் சோதனை. 1988இல் சிட்னியில் ஹல்மாஜியும் கர்த்தாய்ஸும் விவரித்த படுக்கையோரச் சோதனையே இதன் மூலம். எதிரே சுவரில் உள்ள புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலையைச் சிறிய கோணத்தில், ஆனால் எதிர்பாராத விதமாகவும் மிக வேகமாகவும் ஒரு பக்கம் திருப்புவார்கள்; வேகம் விநாடிக்கு 150 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். உள்காது நன்றாக இருந்தால் கண்கள் அதே வேகத்தில் எதிர்த்திசையில் திரும்பிப் புள்ளியை விடாமல் பிடித்திருக்கும். இல்லாவிட்டால் கண்கள் தலையோடு சேர்ந்து போய்விட்டு, பிறகு ஒரு வெட்டுப் பார்வையால் புள்ளிக்குத் திரும்பும். சில வெட்டுகள் தலை அசையும்போதே நிகழ்ந்துவிடுவதால் மருத்துவரின் கண்ணுக்குத் தெரியாது. அவற்றைப் பிடிக்கத்தான் கேமரா பொருத்திய கண்ணாடி வந்தது. கண்ணின் வேகத்துக்கும் தலையின் வேகத்துக்கும் உள்ள விகிதம் 1ஐ ஒட்டி இருப்பது இயல்பு. கிடைமட்டக் குழாய்களில் 0.8க்குக் கீழே போனால் குறைபாடு. உங்கள் அறிக்கையில் வலது 0.94, இடது 0.97. கண்ணாடி தளர்வாக இருந்து தலையில் வழுக்கினால் இந்த எண் பொய்யாக உயரும். எனவே எண்ணோடு வரைபடத்தையும் பார்த்து, திருத்த வெட்டுகள் இல்லை என்பதை மருத்துவர் உறுதிசெய்திருக்க வேண்டும்.

இரண்டு சோதனைகளும் பார்ப்பது ஒரே கிடைமட்டக் குழாயைத்தான். ஆனால் கலோரிக் தூண்டல் மிக மெதுவானது, ஏறத்தாழ 0.003 ஹெர்ட்ஸ் என்று மதிப்பிடுகிறார்கள், அதாவது தலை ஒருமுறை இப்படியும் அப்படியும் திரும்பி முடிய ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும் வேகம். அன்றாட வாழ்வில் அப்படி யாரும் தலையைத் திருப்புவதில்லை. தலை உந்தலோ, பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டதும் சட்டென்று திரும்பும் வேகம். நோய் மெதுவான வேகத்துக்கான விடையை முதலில் குலைத்து, வேகமான அசைவுக்கான விடையை நீண்ட காலம் விட்டுவைக்கலாம்.

மெனியர் நோயில் இதற்கு மேலும் ஒரு காரணம் கூறப்படுகிறது. எனக்கு அது ஏற்கத்தக்கதாகவே படுகிறது. எண்டோலிம்ஃப் மிகுந்து குழாயின் சவ்வு விரிந்துவிட்டால், வெப்பத்தால் எழும் நீர்மம் குழாய் முழுவதும் சுற்றிவராமல் விரிந்த இடத்துக்குள்ளேயே சிறு சுழலாகச் சுற்றிக்கொள்ளும். உணர்விழைகள் பதிந்த குப்புலா என்னும் மென்தடுப்பின் மேல் அழுத்தம் போதிய அளவு விழாது. கலோரிக் விடை குறையும். தலையை வேகமாகத் திருப்பும்போதோ நீர்மம் முழுவதும் தன் நிலைமத்தால் பின்தங்கித் தடுப்பைத் தள்ளுகிறது; குழாய் விரிந்திருப்பது அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. இந்த விளக்கத்தின்படி, கலோரிக்கில் காணும் பலவீனத்தில் ஒரு பகுதி உணர்செல்கள் இறந்ததைக் காட்டுவதாகாது. குழாயின் வடிவம் மாறியதைக் காட்டுவது. பரிசோதனைச் சாலைகளில் இறந்த நோயாளிகளின் காது எலும்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள் உணர்செல்களில் இரண்டாம் வகை எனப்படுபவை குறைந்திருப்பதையும் கண்டிருக்கிறார்கள், ஆகவே செல் இழப்பும் இல்லாமல் இல்லை. எப்படியாயினும், கலோரிக்கில் பலவீனம், தலை உந்தலில் இயல்பு என்ற சேர்க்கை உள்காதில் நீர்ம வீக்கம் இருப்பதற்கு ஒத்துப்போகும் அடையாளம். இதற்கு நேர்மாறாக, சமநிலை நரம்பு அழற்சியில் தொடக்கத்தில் பெரும்பாலும் இரண்டு சோதனைகளும் சேர்ந்தே கெடும்.

உங்கள் அறிக்கையில் மூன்றாவதாக வெம்ப் சோதனை இருக்கிறது. நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கதையின் விடுபட்ட பகுதி அதில்தான் உள்ளது. உரத்த குறுகிய ஒலிகளைக் காதில் செலுத்தினால் சாக்யூல் தூண்டப்பட்டு, அதே பக்கக் கழுத்துத் தசையின் இறுக்கம் கணநேரம் தளரும். இதைத் தசைமேல் ஒட்டிய மின்முனைகள் 13 மில்லிவிநாடி அளவில் ஓர் அலையாகவும் 23 மில்லிவிநாடி அளவில் எதிர் அலையாகவும் பதிவுசெய்யும். 1992இல் கோல்பாட்சும் ஹல்மாஜியும் இதை முதலில் தெளிவாக விவரித்தனர். இதே போன்று கண்ணுக்குக் கீழே பதிவுசெய்யும் வகை பெரும்பாலும் யூட்ரிக்கிளைப் பற்றிச் சொல்கிறது. நல்ல காதில் 500 ஹெர்ட்ஸ் ஒலிக்கே விடை பெரிதாக இருக்கும். மெனியர் நோயில் சாக்யூல் வீங்கி இறுகும்போது இந்த உச்சம் 1000 ஹெர்ட்ஸ் பக்கம் நகர்ந்துவிடுவது பலமுறை காணப்பட்டிருக்கிறது. உங்கள் தாயாரின் வலது காதில் 500இல் அலை சிறிதாகவும் 1000இல் தெளிவாகவும் இருப்பது அதே போக்குதான். மூன்று எச்சரிக்கைகள் உண்டு. நடுக்காதில் கோளாறு இருந்து ஒலி உள்ளே போவது தடைப்பட்டால் சாக்யூல் நலமாக இருந்தாலும் அலை வராது. அறுபது வயதுக்கு மேல் இயல்பாகவே அலை சிறுத்துக்கொண்டே போகும். கழுத்துத் தசை போதுமான அளவு இறுகியிருந்ததா என்பதும் பார்க்கப்பட வேண்டும். சோர்ந்த நோயாளி தலையைத் தூக்கிப் பிடிக்க முடியாமல் விட்டதைக் காதின் குறையாக எழுதிவிடக் கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும்: இந்தச் சோதனைகள் எதுவும் மெனியர் நோய் என்ற முடிவைத் தருவதில்லை. 2015இல் சமநிலைக் கோளாறுகளை ஆராயும் பன்னாட்டு அமைப்பான பாரானி சங்கமும் பிற அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட வரையறைப்படி, தானாக வரும் தலைசுற்றல் குறைந்தது இருமுறை, ஒவ்வொன்றும் 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடித்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட காதில் தாழ்ந்த மற்றும் நடுத்தர அலைவரிசைகளில் நரம்பு வகைச் செவிக்குறை இருப்பது ஆடியோகிராமில் (கேட்கும் திறனை அளந்து வரையும் படத்தில்) ஒருமுறையாவது பதிவாகியிருக்க வேண்டும். அந்தக் காதில் கேட்கும் திறனோ இரைச்சலோ அடைப்புணர்வோ ஏறி இறங்க வேண்டும். இவற்றை வேறொரு நோய் இன்னும் பொருத்தமாக விளக்கக் கூடாது. இதில் கலோரிக்குக்கும் தலை உந்தலுக்கும் இடமே இல்லை. அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியும், நோயைக் கண்டறிவதற்காக மட்டும் சமநிலைச் சோதனைகளை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்கிறது. நோய் கண்டறிதலுக்குத் தேவை நல்ல விசாரணையும் திரும்பத் திரும்ப எடுத்த ஆடியோகிராம்களும். செவிநரம்புக் கட்டியை விலக்க எம்.ஆர்.ஐ. எடுப்பதும் நியாயம். மாரடைப்பு வந்தவர் ஈ.சி.ஜி.யைப் பத்திரப்படுத்துவதுபோல, பழைய ஆடியோகிராம்களையும் தேதிவாரியாகப் பத்திரப்படுத்துங்கள்.

அப்படியானால் சமநிலைச் சோதனைகள் எதற்கு? உள்காதில் எவ்வளவு செயல்திறன் மிஞ்சியிருக்கிறது, எந்தக் காதில், மறுகாது எப்படி என்று அறிவதற்கு. ஜென்டமைசின் போன்ற முடிவின் முன் இந்தக் கேள்விகளே உயிர்நாடி. ஜென்டமைசின் சமநிலை உணர்செல்களைத் திட்டமிட்டு அழிக்கும் மருந்து. நோயுற்ற காது ஏறி இறங்கும் பொய்ச் செய்திகளை அனுப்புவதைவிட நிரந்தரமாக மௌனமாக இருந்தால் மூளை மறுகாதை வைத்துச் சமாளித்துக்கொள்ளும் என்பதே இதன் அடிப்படை. எனவே மறுகாது நலமாக இருந்தாக வேண்டும். மெனியர் நோய் ஒரு பகுதியினரிடம் ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டாவது காதுக்கும் பரவுகிறது. இரண்டு காதுகளும் பழுதானால், நடக்கும்போது பார்வை குலுங்குவதும் இருட்டில் தரை தட்டுப்படாமல் தடுமாறுவதும் நிரந்தரமாகிவிடும். இருபக்கச் சமநிலை இழப்புக்கான 2017ஆம் ஆண்டு வரையறையில், ஒவ்வொரு பக்கமும் சூடும் குளிரும் சேர்த்து விநாடிக்கு 6 பாகைக்குக் கீழே இருப்பது ஓர் அளவுகோல். உங்கள் தாயாரின் இடது காதில் அது 49. தலை உந்தலிலும் இடப்பக்கம் இயல்பு. இது மிகவும் ஆறுதலான செய்தி, அறிக்கையில் மிக முக்கியமான வரியும் இதுவே என்பேன். வலது காதைப் பற்றிய முரண்பாட்டைவிட இடது காதைப் பற்றிய இந்த உடன்பாட்டுக்குத்தான் மருத்துவர் அதிக மதிப்புக் கொடுத்திருப்பார்.

இன்னொன்றையும் தாயாரிடம் சொல்ல வேண்டும். வலது காதில் தலை உந்தல் இயல்பு என்பதால், வேகமான அசைவுகளுக்கு அந்தக் காது இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஊசிக்குப் பிறகு அந்த உழைப்பு நின்றுவிடும். சில வாரங்கள் அவர் தள்ளாட நேரும். ஏற்கெனவே செயலற்றுப்போன காதுக்கு ஊசி போடுபவரைவிட இவருக்கு மாற்றம் கூடுதலாகத் தெரியும். அந்தத் தள்ளாட்டத்தை அவர் உடல் ஈடுசெய்யுமா என்பது காதை மட்டும் பொறுத்ததன்று. நீண்ட நாள் நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா, கண்புரை இருக்கிறதா, முழங்கால் வலியா, பார்க்க வேண்டும். இதற்கு எளிய வழி, தடித்த ஃபோம் மெத்தைமேல் நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லிப் பார்ப்பது. வசதி உள்ள இடங்களில் தளம் அசையும் போஸ்டுரோகிராஃபி கருவியில் ஆறு நிலைகளில் அளப்பார்கள். இந்தச் சோதனை எந்தக் காது கெட்டது என்று சொல்லாது, ஆள் எவ்வளவு நிலையாக நிற்கிறார் என்று மட்டும் சொல்லும். ஊசிக்கு முன் தேவைப்படுவதும் அதுதான். கண்ணை மூடி நின்ற இடத்திலேயே ஐம்பது முறை காலெடுத்து வைத்து நடக்கச் சொல்லும் பழைய சோதனையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நலமானவர்களும் அதில் நன்றாகத் திரும்பிவிடுகிறார்கள். தாயார் எச்சரிக்கையே இல்லாமல், நினைவு தப்பாமல், யாரோ தள்ளிவிட்டதுபோல் திடீரென விழுந்ததுண்டா என்று கட்டாயம் கேளுங்கள். டுமார்கின் தாக்குதல் எனப்படும் அது ஓட்டோலித் பைகளிலிருந்து, அதாவது யூட்ரிக்கிள், சாக்யூலிலிருந்து எழுவதாகக் கருதப்படுகிறது. எலும்பு முறியும் அபாயம் இருப்பதால் சிகிச்சையை விரைவுபடுத்த அது ஒரு காரணம்.

எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டுமா என்பதற்கு என் பதில்: இப்போது வேண்டாம், மூன்று சூழல்களைத் தவிர. கலோரிக் எடுத்த நாளுக்கு ஓரிரு நாள் முன்னால் பெரிய தாக்குதல் வந்திருந்தால் அதை மீண்டும் எடுக்கலாம். தாக்குதலின்போது விழித்துடிப்பு முதலில் நோயுற்ற காதின் பக்கமும் பிறகு நலமான காதின் பக்கமும் பின்னர் மீண்டும் முதல் பக்கமும் மாறுவதால் அளவுகள் அந்தச் சமயத்தில் நிலையாக இரா. சின்னாரிசின், புரோகுளோர்பெரசின், டையாசிபாம் போன்ற தலைசுற்றல் அடக்கிகளைச் சாப்பிட்டுக்கொண்டே சோதனைக்குப் போயிருந்தால் விடை குறைந்திருக்கலாம். வழக்கமாக இவற்றை இரண்டு நாள் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் நீண்ட நாள் டையாசிபாம் எடுப்பவரோ வலிப்பு மருந்து எடுப்பவரோ மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மெனியர் நோய்க்குப் பரவலாகத் தரப்படும் மாத்திரையான பீட்டாஹிஸ்டினை நிறுத்துவதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வழக்கம் வேறுபடுகிறது. மூன்றாவது, காதில் அழுக்கு அடைத்திருந்தது சோதனைக்குப் பிறகு தெரியவந்தால்.

மீண்டும் போக நேர்ந்தால், இலேசாக மட்டும் உண்டு செல்லட்டும். கண்மை தீட்டாமல் போகச் சொல்லுங்கள். அகச்சிவப்புக் கேமரா கருவிழிப் பாவையின் இருட்டைத்தான் தேடிப் பின்தொடர்கிறது, மையின் கருமையும் அதைக் குழப்பிவிடும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நீரைச் செலுத்தக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இருட்டில் கண் திறந்திருக்கும்போது ஊர்ப் பெயர்களைச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள் என்று கேட்டுக்கொண்டேயிருப்பார்கள். மனம் விழித்திருந்தால்தான் துடிப்பு முழு அளவில் வெளிப்படும் என்பதால் அவர் சளைக்காமல் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் சுற்றல் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும், அது நோயின் தாக்குதல் அன்று என்று முன்னரே சொல்லிவைத்தால் பாதி அச்சம் போய்விடும்.

ஊசிக்குப் பிறகு மட்டும் தலை உந்தல் சோதனையையும் ஆடியோகிராமையும் கட்டாயம் மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஜென்டமைசின் வேலை செய்திருந்தால் வலப்பக்க விகிதம் 0.94இலிருந்து தெளிவாகக் கீழே இறங்கும். அதனால்தான் இப்போதுள்ள இயல்பான அளவு ஒப்பீட்டுக்கு இவ்வளவு பயன்படுகிறது. செவித்திறன் குறையும் அபாயம் உண்மையிலேயே இருப்பதால், ஓர் ஊசி போட்டுச் சில வாரங்கள் காத்திருந்து, தலைசுற்றல் நின்றதா, விகிதம் இறங்கியதா, கேட்கும் திறன் அப்படியே இருக்கிறதா என்று பார்த்த பிறகே இரண்டாவது ஊசியைப் பற்றி முடிவெடுக்கும் முறையை நான் விரும்புகிறேன். தலையை அசைத்துக்கொண்டே எழுத்தைப் படிப்பது, நடந்துகொண்டே இடம் வலம் பார்ப்பது போன்ற சமநிலைப் பயிற்சிகளை, ஊசி போடும் முன்பே ஒரு பயிற்சியாளரிடம் அவர் கற்றுக்கொள்வது நல்லது. ஊசிக்குப் பின் தள்ளாட்டம் தொடங்கும் வாரத்தில் புதிதாகக் கற்பது கடினம்.